விளம்பர முகத்தைப் பிரித்துப் பார்க்கும் 90 நிமிடம்

"வெள்ளையாய் இருப்பது மட்டும் அழகில்லை" என்று தொடங்கும் வகுப்பு ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதே வெள்ளையாக்கும் கிறீமைப் பூசுவார்கள். புத்திமதியை விட்டு, விளம்பரப் படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டுங்கள். அப்போதுதான் அவர்களின் கண் தங்கள் முகத்தை விட்டுப் படத்தின் மேல் போகும்.

16 முதல் 20 வயதுப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் போதும். ஒரு வாரம் முன்பே மொத்தம் 15 விளம்பரப் படங்கள் சேர்க்கச் சொல்லுங்கள்: திருகோணமலைப் பிரதான வீதிப் பலகைகள், ஃபான்சிக் கடைக் கிறீம் பெட்டிகள், பியூட்டி பாலர் கண்ணாடியில் ஒட்டியவை, போனில் வரும் விளம்பரங்கள். அவர்களுடைய சொந்தப் படம் ஒன்றுகூட வேண்டாம்.

முதல் அரை மணி நேரம் வெளிச்சத்துக்கு. போன் கமராவில் முகத்தை மெழுகும் (பியூட்டி) வசதியை நிறுத்துங்கள். பல போன்களில் அது வாங்கும்போதே போட்டபடி இருக்கும். நடத்துபவர் தன் முன்கையைக் கோடு போட்ட கொப்பித்தாளில் வைத்து மூன்று படம் எடுக்க வேண்டும்: தலைக்கு மேல் ரியூப் லைட்டில் ஒன்று, வெயில் நேரே விழாத ஜன்னலோரம் ஒன்று, அதே ஜன்னலோரம் போன் திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றி ஒன்று. மூன்றாவதில் கை வெளுத்திருக்கும். தாளின் நீலக்கோடுகளும் மங்கியிருக்கும். கோடு மங்கியதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். உப்புவெளிக் கடற்கரை மணலில் எடுத்த படங்களில் முகம் தெளிவாய்த் தெரிவதற்கும் வெளிச்சமே காரணம்: மணல் அதைக் கீழிருந்து திருப்பி அடிக்க, தாடைக்குக் கீழும் கண்ணுக்குக் கீழும் உள்ள நிழல் குறையும்.

அடுத்து "முன்", "பின்" விளம்பரங்கள். கண்ணின் வெள்ளை, பல், சட்டை, பின்சுவர் நான்கையும் ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாமே வெளுத்திருந்தால் மாறியது வெளிச்சம். தோல் மட்டும் வெளுத்து, மயிர்த்துளைகளும் காணாமற் போயிருந்தால் அது பெரும்பாலும் கணினி வேலை. பிறகு கதையைக் கேளுங்கள்: நிறம் மாறியதும் இவளுக்கு என்ன கிடைத்தது? வேலையா, மாப்பிள்ளையா? 1975இல் இந்தியாவில் வந்த ஃபெயார் அண்ட் லவ்லி கிறீமின் பெயர் 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பார்த்துப் பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லட்டும்.

"படம் பார்த்தால் மனம் மாறுமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பசிபிக் தீவு நாடான பீஜியின் நட்ரோகாப் பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடலை மெச்சும் ஊர் அது. ஆய்வாளர் ஆன் பெக்கரின் குழு கேட்ட பள்ளி மாணவியரில் உணவுப் பழக்கம் குலையும் அறிகுறி காட்டியோர் அந்த ஆண்டு 12.7 வீதம், 1998இல் 29.2 வீதம். சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அமர்வு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வேலை எதுவும் கொடுக்காமல் பளபளப்பான படங்களைப் பார்க்க விட்டால் ஒப்பீடுதான் கூடும். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், ஒரு கேள்வி. விளம்பரப் பெண்ணை "எலும்புக்கூடு" என்று யாரும் பழிக்கவும் விடாதீர்கள். அந்த அறையிலேயே ஒல்லியான பிள்ளை இருப்பாள்.

விளம்பரக் கண் வீட்டுக்குள் நுழைவது சாமத்திய வீட்டு ஆல்பம் வழியாக. முற்பணம் கொடுக்கும் முன்பே "நிறத்தை ஏற்ற வேண்டாம், முகத்தை மெழுக வேண்டாம்" என்று ஸ்டூடியோவில் சொல்லி, ஒரு படத்தை மாதிரிக்கு அச்சிட்டு வாங்கச் சொல்லுங்கள். அதைச் சேலையோடு வைத்துப் பார்த்தால் தெரியும்: சேலையின் அரக்கு நிறம் படத்தில் வெளிறியிருந்தால் முகமும் வெளிறியிருக்கிறது.

கடைசியாகக் கிறீம் பெட்டி. தயாரித்தவர் முகவரியோ சேர்மானப் பட்டியலோ இல்லாததைத் தொடவே வேண்டாம். மெர்க்குரி, கலமெல் என்றிருந்தால் அது பாதரசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் ஸ்டெரொயிட் மருந்துகள். சீக்கிரம் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும். நெடுநாள் பூசியவர் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடலாம். கிறீமையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போக வேண்டும். விபரம் அச்சிடாத பொருளை விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்; பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறியாமல் வைத்திருங்கள்.