‘ஹூட்விங்க்’: ஒரு சொல்லின் கண்கட்டை அவிழ்ப்பது எப்படி?

ஒருவரைச் சாமர்த்தியமாக ஏமாற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஹூட்விங்க்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. சிறிய அகராதிகள் ‘ஏமாற்று’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதன் வேரை நாமே தோண்டிப் பார்க்கலாம். சொற்களின் பழைய பொருளையும் தருகிற பெரிய அகராதி ஒன்று போதும்.

படி 1: சொல்லை உடையுங்கள்.
ஹூட், விங்க் என்று இரண்டு துண்டுகள். ஹூட் என்பது தலையை மூடும் துணி. மழைக்கோட்டின் பின்கழுத்தில் தொங்குமே, அதுதான்.

படி 2: பழைய பொருளைத் தேடுங்கள்.
புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். விங்க் என்றால் இன்று கண்ணடிப்பது. அதை நம்பி, முக்காடு போட்ட திருடன் ஒருவன் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நானும் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அழகான கதைதான், ஆனால் தவறு. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கண்ணை மூடுவது என்று பொருள். ஒற்றைக் கண்ணால் சைகை காட்டுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருளும் முழுக்கச் சாகவில்லை. குட்டித் தூக்கத்தை ஆங்கிலேயர் இன்னும் ‘நாற்பது விங்க்’ என்கிறார்கள். நாற்பது முறை கண்ணடித்தால் தூக்கமா வரும்?

படி 3: துண்டுகளை ஒட்டுங்கள்.
துணியால் கண்ணை மூடுவது, அதாவது கண்ணைக் கட்டுவது. 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் எழுத்தில் தலைகாட்டியபோது இதுவே பொருள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைப் பிடிக்கும் விளையாட்டுக்கும் அப்போது ‘ஹூட்மேன் பிளைண்ட்’ என்று பெயர்.

படி 4: பொருள் மாறியதற்குச் சாட்சி தேடுங்கள்.
ஷேக்ஸ்பியர் ஒருவரே போதும். 1590களில் எழுதிய ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில், துணியால் கண் கட்டப்பட்ட காதல் தேவன் க்யூபிடைக் குறிக்க இச்சொல் வருகிறது. அங்கே ஏமாற்று ஏதுமில்லை. 1606 வாக்கில் எழுதிய ‘மக்பெத்’திலோ, மறைவில் ஆசைகளைத் தீர்த்துக்கொண்டு வெளியே ஒழுக்கசீலனாகத் தோன்றி ஊரையே ஹூட்விங்க் செய்யலாம் என்று இளவரசன் மால்கமிடம் பிரபு மக்டஃப் சொல்கிறான். துணி போய்விட்டது, கட்டு மட்டும் ஊராரின் அறிவின்மேல் விழுந்துவிட்டது.

படி 5: தமிழில் இணை தேடுங்கள்.
‘கண்ணில் மண்ணைத் தூவுதல்’ நெருங்கி வருகிறது. ஆனால் அதில் தப்பி ஓடும் அவசரம் இருக்கிறது. ஹூட்விங்க் செய்பவர் எதிரிலேயே சிரித்தபடி நிற்பார். எனவே என் ஓட்டு ‘கண்கட்டு வித்தை’க்குத்தான். அதிலும் அதே கட்டு இருக்கிறது பாருங்கள்.

பயிற்சிக்கு ‘லெஜர்டிமெயின்’ (legerdemain) என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அது மூன்று சொற்கள்: ‘கனமில்லாத கை’. மற்ற படிகளை நீங்களே ஏறுங்கள்.