ஜெராக்ஸ் கடையில் தேர்ந்தெடுத்த ஈ-ரீடர்

ஷிஃப்ட் முடிந்து தண்டையார்பேட்டைக்குத் திரும்பும் வழியில் படிக்கலாம், கண்ணும் எரியாது என்று ஆசைப்பட்டு மின்நூல் படிக்கும் கருவியான 6 அங்குல ஈ-ரீடர் வாங்கினேன். கதைப் புத்தகத்துக்கு அருமை. வேலைக்கு வேண்டிய பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மேனுவலை பிடிஎஃப்பில் திறந்தால், வயரிங் படத்தில் டெர்மினல் நம்பர்கள் எறும்பு வரிசை மாதிரி. பெரிதாக்கினால் ஒரு ஓரம் தெரியும், இன்னொரு ஓரம் ஓடிப்போகும்.

கோளாறு கருவியில் இல்லை. கதைப் புத்தகம் வரும் ஈபப் என்ற மின்நூல் கோப்பு திரைக்குத் தக்கபடி வரியை மடக்கிக்கொள்ளும். பிடிஎஃப் பக்கமோ இம்மி அசையாது. 6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, திரையின் அகலம் 9 செ.மீ.தான். 21 செ.மீ. அகல ஏ4 தாளை அதற்குள் நெருக்கினால் 10 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அடுத்ததை வாங்கும் முன் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "அண்ணா, இந்தப் பக்கத்தை 43, 56, 75 பர்சன்ட்ல ஒவ்வொண்ணு போடுங்க."

"இன்னாத்துக்குப்பா, பிட்டடிக்கவா?"

6, 7.8, 10.3 அங்குலத் திரைகளின் அகலம் ஏ4 அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. 56-ல் வாக்கியம் படிக்க முடிந்தது, படத்து எண்கள் முடியவில்லை. 75 சரி.

10.3 வாங்கினேன். கையைக் கடிக்கத்தான் செய்தது. ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டும் வசதியைப் போட்டால் எழுத்து இன்னும் பெரிதாகிறது. படுக்கைவாட்டில் திருப்பினால் அகலம் கிட்டத்தட்ட 21 செ.மீ., அதாவது ஏ4 அப்படியே. பக்கத்தின் மேல்பாதி முதலில், கீழ்ப்பாதி அப்புறம். கறுப்பு வெள்ளைத் திரை என்பதால், வயர் நிறம் பார்க்க மட்டும் இன்னமும் போனைத்தான் எடுக்கிறேன்.