தனியாக ஒரு மலைநடை: எல்பே ஆற்றுக்கு மேலே பாஸ்டை வரை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள், எல்பே ஆற்றுக்கு மேலே நிற்கும் பாஸ்டை என்ற பாறைக்குன்றின் பாலத்தில் எப்படியும் ஒரு படம் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் கும்பலாக, மதியத்துக்கு மேல். காலையில் தனியாகப் போனால் அது வேறு இடம். மலைநடை பழக்கமே இல்லாதவர்களும் போய்வரலாம்: மொத்தம் 6 கிலோமீட்டர் வாக்கில் வரும், ஆங்காங்கே நின்று போனால் 4 மணி நேரம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் ராத்தன் ஊரிலிருந்து நேராகப் பாலத்துக்கு ஏறி, ஷ்வேடன்லோகர் என்ற பாறை இடுக்கு வழியாக இறங்குவார்கள். தனியாகப் போகிறவர் இதைத் திருப்பிப் போட வேண்டும். இடுக்கில் ஆள் நடமாட்டம் குறைவு, படிகளில் ஈரம் காயாது. அங்கே ஏறுவதுதான் நல்லது; களைத்த காலோடு இறங்கினால் வழுக்கும். இறங்குவதை அகலமான, ஆட்கள் நிறைந்த பாதைக்கு விட்டுவிடுங்கள். கால் சுளுக்கினாலும் கைகொடுக்க யாராவது இருப்பார்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், படிகளில் பனிக்கட்டியும் இருக்கும். முதல் நடைக்கு வேண்டாம். முதல் நாள் கனமழை என்றாலும் தள்ளிப்போடுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.

2. பையும் தகவலும்

பிடிமானமுள்ள ஷூ, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மெல்லிய மழைக்கோட்டு, சார்ஜ் நிறைந்த போன். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும். மேலே ஹோட்டல் இருக்கிறது, ஆனால் சுற்றுலாத்தல விலை. படகுக்கும் கழிவறைக்கும் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை இடுக்கில் சிக்னலை நம்ப முடியாது. கொமூட் போன்ற ஏதாவது ஒரு செயலியில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். அப்புறம், நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி: "ராத்தனிலிருந்து ஷ்வேடன்லோகர் வழியாக பாஸ்டை போகிறேன். மதியம் 2 மணிக்குள் திரும்பும் ரயிலிலிருந்து மெசேஜ் வரும். வராவிட்டால் போன் பண்ணு, எடுக்காவிட்டால் அவசர உதவி எண் 112-க்குச் சொல்லு." வழியின் பெயரும் நேரமும் இருப்பதுதான் முக்கியம். "ஹைக்கிங் போறேன்" என்று ஸ்டேட்டஸ் போடுவதால் யாருக்கும் பயனில்லை.

3. ரயிலும் படகும்

டிரெஸ்டன் தலைமை ரயில் நிலையத்திலிருந்து பாட் ஷாண்டாவ் பக்கம் போகும் எஸ்1 ரயிலில் ஏறுங்கள். நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பேருந்துகளுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள்; பீர்னா என்ற ஊர் தாண்டியதும் ஆறு அந்தப் பக்கம்தான் வரும். முக்கால் மணிக்குள் குரோர்ட் ராத்தன் நிலையம். 7 மணி வாக்கில் அங்கே இறங்குவது போலக் கிளம்புங்கள்.

நிலையம் ஒரு கரையில், ஊர் எதிர்க்கரையில். நடுவில் ஒரு படகு. அதை உந்துவது மோட்டார் அல்ல, ஆற்றின் ஓட்டம்தான். மேல்நீரில் நங்கூரமிட்ட நீண்ட கம்பியில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகைச் சற்றுச் சாய்த்துத் திருப்பினால் நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். வெள்ளம் வந்தால் படகு ஓடாது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஏற்றம்

ஊரைத் தாண்டி ஆம்செல்சே ஏரியை ஒட்டி நடங்கள். ஏரி முடிந்து கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஷ்வேடன்லோகர் என்று பலகை. 700 படிகள் வாக்கில் இருக்கும். பாசி பிடித்த மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவே, சில இடங்களில் ஒரு ஆள் அகலத்துக்கு மட்டுமே வழி. முப்பதாண்டுப் போரின்போது 1639-இல் சுவீடன் படைக்குப் பயந்து சுற்றுவட்டார விவசாயிகள் ஒளிந்த இடம் இது. ஏறும்போது எத்தனை நல்ல ஒளிவிடம் என்பது உங்களுக்கே புரியும்.

வேகம் எவ்வளவு? மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவு. பேச ஆளில்லை என்றால் வாய்விட்டுப் பாடுங்கள், அந்நேரத்தில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. காட்சிமுனை

மேலே வந்ததும் பலகைகள் பாஸ்டைக்குக் காட்டும். எல்பேக்கு 194 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். பழைய காட்சிமுனையின் பாறை அரித்துப்போனதால் அதை மூடி, 2023-இல் பாறையின் மேல் மிதப்பது போன்ற புதிய மேடையைத் திறந்தார்கள். கீழே வளையும் ஆறு, அதற்கப்பால் மேசை போல உச்சி தட்டையான லிலியன்ஸ்டைன் மலை, கோனிக்ஸ்டைன் கோட்டை. இவையெல்லாம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலக் கடலடியில் படிந்த மணல். ஆறு அறுத்தது போக மிஞ்சியதுதான் இந்தக் குன்றுகள்.

பாலம் பக்கத்திலேயே. முதலில் மரத்தில் இருந்தது, 1851-இல் கல்லில் கட்டினார்கள். நீளம் 76.5 மீட்டர். படம் நன்றாக வர வேண்டுமென்றால் பாலத்தில் நிற்காதீர்கள், பாலம் தெரியும் பக்கவாட்டு முனைக்குப் போங்கள். தனியாக வந்தவருக்குச் செல்ஃபிதான் ஆபத்து: கம்பியைத் தாண்டவே கூடாது. இது தேசியப் பூங்கா, ட்ரோனும் நெருப்பும் தடை. 2022 கோடையில் பக்கத்திலுள்ள செக் எல்லையின் இருபுறமும் காடு எரிந்தது, ஆகவே சிகரெட் விஷயத்திலும் விளையாட வேண்டாம்.

10 மணியானால் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

6. இறக்கம்

பாலத்தைக் கடந்து ராத்தனுக்குப் படிகளில் இறங்கலாம், அரை மணி நேரம். முழங்கால் வலித்தால் பக்கவாட்டாகக் கால் வையுங்கள். ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றால் அதுவே ஓய்வு. கீழே அதே படகு, அக்கரையில் அதே எஸ்1. ரயிலில் உட்கார்ந்ததும் நண்பருக்கு அந்த மெசேஜ்.

இது சுலபமாக முடிந்தால் அடுத்த முறை ஷ்டாட் வேலன் ரயில் நிலையத்தில் இறங்கி, ஊட்டவால்டர் பள்ளத்தாக்கு வழியாக பாஸ்டைக்கு நடக்கலாம். தூரம் கூடுதல், ஏற்றம் மெதுவானது. இரும்பு ஏணிகள் உள்ள ஷ்ராம்ஸ்டைன் பாறைகளுக்கு மட்டும் முதல் தடவை துணையோடு போங்கள்.