மாம்பலத்துப் பழைய அடுக்குமாடி வீடு: முன்பணம் கொடுக்கும் முன்

மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற நெருக்கமான சென்னைப் பகுதிகளில், 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்ட, லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் 500, 600 சதுர அடி வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சமையல் மேடையையும் புதுப் பெயின்ட்டையும் பார்த்து மனம் இளகிவிடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, தரகர்கள் யூடிஎஸ் என்று சொல்லும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு, பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்பதைத்தான். முப்பத்தைந்து வயதான கட்டடத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி மனைக்கே போகிறது.

கணக்கு எளியது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5 என்றிருந்த காலத்தில் அதில் ஏறத்தாழ 3,600 சதுர அடி கட்டலாம். 600 சதுர அடியாக ஆறு வீடுகள் என்றால், வீட்டுக்கு 400 சதுர அடி மனை வர வேண்டும். பத்திரத்தில் 220 என்று இருந்தால், அனுமதிக்கு மேல் மாடி எழுப்பியிருக்கிறார்களா, அல்லது மனையில் ஒரு பகுதியை யாரேனும் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார்களா என்று கேட்க வேண்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வாங்கி, மாடிகளையும் வீடுகளையும் எண்ணிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மொட்டை மாடி உரிமையைக் கட்டியவரே வைத்துக்கொண்ட பத்திரங்களும் உண்டு. அந்த வரி கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும்.

மனைப் பங்கின் அளவுக்கு இப்போது இன்னொரு முக்கியத்துவமும் வந்திருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழியுண்டு. அப்போது பேரம் மனைப் பங்கை வைத்தே நடக்கும் என்பதால், பங்கு குறைந்தவருக்குக் கிடைப்பதும் குறையும்.

அந்தக் காலத்து வழக்கத்தில், மனைப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம் பதிந்து, வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். ஆகவே இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். மனை உரிமையாளர் சார்பில் பொது அதிகாரப் பத்திரம் பெற்றவர் விற்றிருந்தால், விற்ற நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, அதை ரத்து செய்யாமல் இருந்தாரா என்பதை வழக்கறிஞர் பார்த்தே ஆக வேண்டும். சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள்; தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளைப் பெரும்பாலும் பார்க்கலாம். விற்பவர் என்றோ அடைத்த வங்கிக் கடனுக்கு, அது தீர்ந்ததைக் காட்டும் ரத்து ரசீதைப் பதியாமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. முன்பணத்துக்கு முன் அவரே அதைப் பதிந்து தரட்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் கோயில் மனை குத்தகையில் நிற்கும் கட்டடங்களும் இருப்பதால், அடிமனை யாருடையது என்பதை, மனையின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம் வரை போய்ப் பார்ப்பது கட்டாயம்.

வீட்டைப் பார்ப்பதற்கு ஏற்ற மாதம் நவம்பர். மழை ஓய்ந்த மறுநாள் போனால், தெருவில் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது, கீழ்த்தொட்டிக்குள் சாக்கடை கலக்கிறதா, மேல் மாடி என்றால் கூரையில் ஓதம் பூத்திருக்கிறதா என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். தளத்தின் அடிப்பக்கத்தில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், குறிப்பாகக் கடற்கரைக்கு அருகில், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டு விலை பேசுங்கள். கீழ்வீட்டுக்காரரின் குளியலறைக் கூரையையும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஒழுகினால், சண்டையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அளவு நாடாவால் அறைகளை நீங்களே அளந்துகொள்ளுங்கள். 600 என்று சொல்வதில் மாடிப்படியும் நடையும் சேர்ந்திருக்கும்.

குடிநீர் வாரியத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்துளைக் கிணறு கோடையில் வற்றுகிறதா, லாரித் தண்ணீர்ச் செலவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை விற்பவரிடம் கேட்பதைவிடக் காவலாளியிடமோ எதிர்வீட்டு மாமியிடமோ கேட்பது நல்லது. வண்டி நிறுத்தும் இடம் வாய்ச்சொல்லாக இருந்தால், அது இல்லை என்றே கணக்கிடுங்கள்.

செலவில், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் விலைக்கு மேல் வரும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம், முறையும் வேறு. பழைய கட்டடத்துக்கு வங்கி அதன் மீதி ஆயுளைக் கணித்துத் தவணைக் காலத்தைக் குறைக்கும், சில வேளை மறுத்தும்விடும். ஆகவே, கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி ஆகியவற்றின் கடைசி ரசீதுகளைப் பதிவு நாளன்றே கையில் வாங்கிக்கொண்டு, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கான கையெழுத்தையும் அன்றே பெற்றுவிடுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போனவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.