டகோட்டா வந்தா 1/1000 வைக்காதீங்க

2024 அக்டோபர் 6, மெரினால ஏர் ஷோ நடந்துச்சு இல்ல, அன்னிக்கு காலைல 7 மணிக்கே போய் மணல்ல துண்டு போட்டு உக்காந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். ஷோ ஆரம்பிச்சது 11 மணிக்கு. எல்லாரும் ரஃபேல், சுகோய்னு வந்திருந்தாங்க, நான் போனது ஒரே ஒரு ப்ளேனுக்காக, டகோட்டா, ரெண்டு ப்ரொப்பெல்லர் வச்ச அந்தக் காலத்து ப்ளேன். கையில மாமா குடுத்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, ஒரு 135 எம்எம் லென்ஸ், 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் ரோல் ரெண்டு. டகோட்டா வந்துச்சு, கடலோரமா ஒரு பக்கத்துலேந்து இன்னொரு பக்கம் போச்சு, அவ்ளோதான். ஒரு வாரம் கழிச்சு ரோல் கழுவி வந்தப்போ பாத்தா ப்ளேன் நல்லா ஷார்ப்பா விழுந்திருக்கு, ஆனா ரெண்டு ப்ரொப்பெல்லரும் செவுத்துல மாட்டின கடிகார முள்ளு மாதிரி அப்படியே நிக்குது. அம்மா ஒரு பிரிண்ட்ட கையில எடுத்துப் பாத்துட்டு "ஏண்டா, இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சா, அப்புறம் எங்க விழுந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

தப்பு என்னன்னா நான் ஷட்டர் ஸ்பீட 1/1000ல வச்சிருந்தேன், அதாவது ஷட்டர் தொறந்திருக்கறது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான். ப்ளேன் வேகமா போகும், அதனால வேகமான ஸ்பீடு வைக்கணும்னு ஒரு நெனப்பு. ஜெட்டுக்கு அது சரி. டகோட்டா, அதாவது டிசி-3, 1935 டிசம்பர் 17ல முதல்ல பறந்த டிசைன், ஜெட் முன்னாடி அது மாட்டு வண்டி மாதிரி நிதானமாதான் போகும். அதுல வேகமா ஓடறது ப்ரொப்பெல்லர் மட்டும்தான், அதை நிறுத்திட்டா படத்துல உசிரே இல்ல. கணக்கு போட்டா புரியும். நிதானமா பறக்கும்போது ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு சுமார் 1200 சுத்துன்னு வச்சுக்கோங்க, செகண்டுக்கு 20. 1/1000ல ஒரு ப்ளேடு நகர்றது வெறும் 7 டிகிரி, கண்ணுக்கு நின்ன மாதிரிதான். 1/125ல 58 டிகிரி கிட்ட வரும், பரவால்ல. 1/60ல சரியா 120 டிகிரி, டகோட்டாக்கு மூணு ப்ளேடு, ரெண்டு ப்ளேடுக்கு நடுவுல இருக்கற இடைவெளியே 120 டிகிரிதான், அதனால முழு வட்டமா ஒரு கண்ணாடித் தட்டு மாதிரி விழும். அதுதான் வேணும்.

சரி அப்போ 1/60 வச்சா போச்சுன்னு கெளம்பினா அங்க அடுத்த குழி, இதுல விழாதவங்களே இல்ல. தூரத்துல போறதை எடுக்கப்போறோம், கொஞ்ச வெளிச்சத்துலயே படம் புடிக்கற ஸ்பீடு ரோல் இருந்தா நல்லதுன்னு எல்லாரும் 400 ரோல் போட்டுட்டுப் போவாங்க, நானும் அப்படித்தான். நல்ல வெயில்ல லென்ஸ் துவாரத்தை எஃப் 16ல வச்சா (நம்பர் கூடக்கூட துவாரம் சின்னது) ரோல் மேல இருக்கற ஐஎஸ்ஓ நம்பர்தான் ஷட்டர் ஸ்பீடு, பழைய ஃபோட்டோகிராஃபருங்க வெளிச்சம் அளக்கற மீட்டரே இல்லாம இப்படித்தான் எடுத்தாங்க. 400 ரோலுக்கு எஃப் 16ல 1/500 வரும். 1/60க்கு எறங்கணும்னா இன்னும் மூணு ஸ்டாப் மூடணும் (ஒரு ஸ்டாப் மூடினா வெளிச்சம் பாதியாகும்), எஃப் 45 வேணும், உங்க லென்ஸ்ல அது கெடையாது. டிஜிட்டல்னா ஐஎஸ்ஓவ கொறச்சுக்கலாம், இங்க ரோல் உள்ள போயாச்சுன்னா 36 படத்துக்கும் அதே தலையெழுத்துதான். 200 ரோல், இல்ல 100 ரோல் போடுங்க. 200 ரோலுக்கு எஃப் 22ல 1/125 சரியா வரும், அதையே 1/60ல அடிச்சா ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும், அந்த ஒரு ஸ்டாப் உங்களுக்கு தேவையும் படும், ஏன்னு சொல்றேன்.

என் ரோல்ல மிச்சப் படங்க எல்லாத்துலயும் ப்ளேன் வயிறு கரிச்சட்டி. கே1000 மீட்டருக்கு ப்ளேன் எது வானம் எதுன்னு தெரியாது, ஃப்ரேம் முழுக்க இருக்கற வெளிச்சத்தை சராசரி பண்ணும், பளபளன்னு வானத்தைப் பாத்துட்டு "அய்யோ ரொம்ப வெளிச்சம்"னு நம்மள மூட வைக்கும். அதுலயும் மெரினால கடலைப் பாத்து நின்னா காலை 11 மணிக்கு வெயில் எதிர்பக்கம் உச்சி கிட்ட, ப்ளேனுக்கு மேல அடிக்குது, நாம பாக்கறதோ அடி வயிறு. மீட்டர் சொல்றதை விட ஒரு ஸ்டாப்பு, ஒன்றரை ஸ்டாப்பு கூட குடுக்கணும். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும், வெளிச்சம் கொஞ்சம் கூடினா ஒண்ணும் ஆகாது, கொறஞ்சாதான் சாம்பல் பூத்த மாதிரி அழுக்கா வரும். ஸ்லைடு ரோல் போட்டிருந்தா மட்டும் இந்த வேலை வேண்டாம், வெயில் படற பளபள உடம்பு வெள்ளையா வெந்து போயிடும்.

1/60ல 135 லென்ஸை கையில புடிச்சு எடுக்கறது சும்மா வராது, ப்ளேனோடயே கேமராவை ஓட்டணும், இதுக்குப் பேருதான் பேனிங். இடுப்புக்கு மேல மட்டும் திரும்பணும், கால் நகரக் கூடாது, க்ளிக் அடிச்ச அப்புறமும் திரும்பறதை நிறுத்தக் கூடாது. கே1000 மாதிரி எஸ்எல்ஆர்ல, அதாவது லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கற கேமராவுல, க்ளிக் அடிக்கும்போது கண்ணு முன்னாடி இருட்டாகும், அந்த நேரத்துல கை தானா நின்னுடும், அங்கதான் எல்லாமே கெட்டுப் போகுது. பத்துல ரெண்டு தேறினா சந்தோஷப்படுங்க. இதை டகோட்டா வர்ற அன்னிக்கு கத்துக்க முடியாது. தூத்துக்குடி, சேலம் போற ஏடிஆர்ங்கற சின்ன ப்ரொப்பெல்லர் ப்ளேனுங்க மீனம்பாக்கத்துல தெனமும் ஏறி எறங்குது, அதுல பழகுங்க. நான் பொழிச்சலூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடிலதான் பழகினேன், அவன் அம்மா காயப்போட்ட வடாத்துக்கு பக்கத்துல நின்னு, வடாத்தை மிதிக்காம திரும்பக் கத்துக்கிட்டாலே பாதி பேனிங் வந்துடும். ஏடிஆர் ப்ரொப்பெல்லர் டேக்-ஆஃப்ல 1200 சுத்து, ஆனா அதுக்கு ஆறு ப்ளேடு, 1/125லயே வட்டம் நெறைஞ்சுடும், அதைப் பாத்துட்டு டகோட்டாக்கும் 1/125 போதும்னு நெனச்சுடாதீங்க.

பரங்கிமலை மேல நின்னா ரன்வே தெரியும்தான், ஆனா ஏர்போர்ட் அங்கேந்து தென்மேற்குல இருக்கு. சாயங்காலம் போனா வெயில் நேரா லென்ஸுக்குள்ள. காலைல சீக்கிரம் போங்க, 9 மணிக்கு மேல தரைலேந்து அனல் எழும்பி ரன்வே தண்ணி மாதிரி நெளியும், எந்த லென்ஸ் வச்சாலும் அது போகாது. அப்புறம் தாம்பரம் ஏர் ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கம் கேமராவோட சுத்தாதீங்க, யாராவது யூனிஃபார்ம்ல வந்து எடுக்க வேண்டாம்னு சொன்னா உள்ள வச்சுடுங்க, வாதம் பண்ணாதீங்க.

ரெண்டாவது ரோல் கதை இன்னும் கேவலம். முதல் ரோல் முடிஞ்சதும் கூட்டத்துல, வேர்வை கண்ணுல எறங்க, அவசரமா மாத்தினேன். ஃபிலிம் முனை ஸ்பூல்ல சரியா மாட்டல. 36 தடவை அடிச்சேன், 36 தடவையும் ஃபிலிம் ஒரு அங்குலம் நகரல. இதை கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, மூடினதும் ரீவைண்ட் கைப்பிடியை மெதுவா திருப்பி உள்ள இருக்கற தொய்வை எடுத்துட்டு அப்புறம் வைண்ட் பண்ணுங்க, ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கும்போதும் அந்த இடது பக்க குமிழ் தானா சுத்தணும், சுத்தலன்னா ஃபிலிம் ஓடல. அவ்ளோதான் விஷயம். இதை அன்னிக்கு ஒரு தடவை பாத்திருந்தா ஷோவுக்கு வந்த இன்னொரு பழைய ப்ளேன் ஹார்வர்டும் எனக்கு கெடைச்சிருக்கும். ரோல் மாத்தும்போது கடலுக்கு முதுகு காட்டி, உங்க நெழல்ல குனிஞ்சு மாத்துங்க, ஒரு மணல் துகள் உள்ள போனா ரோல் முழுக்க ரயில் தண்டவாளம் மாதிரி கீறல். முடிஞ்சா ப்ளேன் வர்றதுக்கு முன்னாடி 30வது படத்துல இருந்தாலும் பரவால்லன்னு புது ரோல் போட்டுடுங்க, ஆறு படம் போனா போகுது.

கேமராவை வீட்ல எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டா பாதிப் பேரு பீரோலன்னு சொல்லுவாங்க, தோல் கேஸோட, பக்கத்துல பாச்சா உருண்டை. ரெண்டுமே தப்பு. நம்ம ஊரு ஈரத்துக்கு தோல் கேஸ்ல பூஞ்சை புடிச்சு அது லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி படரும், பாச்சா உருண்டை ஆவி லென்ஸுக்கும் ஆகாது ஃபிலிமுக்கும் ஆகாது. இறுக்கமா மூடற ப்ளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், போதும். கே1000 வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு, அதுல மீட்டரை ஆஃப் பண்ண ஸ்விட்சே கெடையாது, லென்ஸ் மூடியைப் போட்டாதான் பேட்டரி நிக்கும். மினோல்ட்டா எஸ்ஆர்டி மாதிரி பழைய கேமராங்க 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு செஞ்சது, அது இப்போ கெடைக்காது, கடைல குடுக்கற 1.5 வோல்ட்டைப் போட்டா மீட்டர் பொய் சொல்லும், நம்பாதீங்க.

ப்ளாக் அண்ட் ஒயிட் எடுக்கறவங்க வானம் கறுப்பா வரணும்னு செவப்பு ஃபில்டர் மாட்டுவாங்க. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் ஆரஞ்சு வால், ஏர் இந்தியா செவப்பு ஜன்னல் வளைவு, இதெல்லாம் அந்த ஃபில்டர்ல வெளுத்துப் போய் வெள்ளை உடம்போட கலந்துடும், லிவரியே, அதாவது கம்பெனியோட பெயிண்ட் டிசைனே, காணாமப் போகும். மஞ்சள் ஃபில்டர் போதும். ப்ளேனுக்குள்ள உக்காந்து ஜன்னல் வழியா எடுக்கறப்போ போலரைசர் மாட்டாதீங்க, ஜன்னல் ப்ளாஸ்டிக்ல வானவில் கோடு கோடா விழும்.

நின்னுட்டிருக்கற பழைய ப்ளேனை எடுக்க வெளியூர் போகணும். ஒடிசா முதல்வரா இருந்த பிஜு பட்நாயக்கோட டகோட்டா 2023லேந்து புவனேஸ்வர்ல இருக்கு, டெல்லி பாலம் மியூசியத்துல ஒண்ணு இருக்கு, லண்டன் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா டக்ஸ்ஃபோர்டு மியூசியத்துல காமெட், விசி10, கான்கார்டுன்னு பழைய ஜெட்டுங்க எல்லாம் ஒரே எடத்துல. பறந்து போறீங்கன்னா ரோலை செக்-இன் பெட்டில போடவே போடாதீங்க, அந்த எக்ஸ்ரே ஃபிலிமை மூட்டம் போட வச்சிடும். கைப்பையை சோதிக்கற புது சிடி ஸ்கேனரும் அப்படித்தான், ரோலைத் தனியா ஒரு கண்ணாடிக் கவர்ல எடுத்து வச்சு "கையால பாருங்க சார்"னு மரியாதையா கேளுங்க, கேட்டா நெறைய எடத்துல செய்யறாங்க.

கடைசியா லேப். ரோல் குடுக்கும்போது நெகட்டிவ் திருப்பி வேணும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. நான் கேக்கல. எனக்கு வந்தது வாட்ஸ்அப்ல ஃபோன் சைஸ் ஸ்கேன், அதுலேந்து போட்ட நாலு பிரிண்ட், மூணு மாசம் கழிச்சு போய் கேட்டா "அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சே தம்பி"ன்னாங்க, இப்போ அந்த ப்ரொப்பெல்லர் நின்னுபோன டகோட்டாவும் அம்மா ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கற அந்த ஒரு பிரிண்ட்லதான் இருக்கு.