பிக்-அப் குறையாமல் பைக் சத்தத்தைக் குறைப்பது எப்படி? சைலன்சர் தேர்வு, படிப்படியாக

சைலன்சர் சத்தத்தைக் குறைத்தால் பிக்-அப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். புகை போகும் வழியை அடைத்தால்தான் சத்தம் குறையும் என்று நினைப்பதால் வரும் பயம் அது. அடைக்காமலே குறைக்கலாம். அதற்கு வேண்டியது சைலன்சருக்குள் போதிய இடம். அளவில் பெரிய சைலன்சர் அமைதியாகவும் இருக்கும், இன்ஜினை மூச்சுத் திணறவும் விடாது.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

புதுசு வாங்குவதற்கு முன் பழையதில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஹெட்டும் பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஒன்று இருக்கும். அது தேய்ந்துபோனால் ‘டப் டப்’ என்று ஓர் ஒலி வரும். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அது கூடும். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெரும்பாலும் கசிவுதான். வண்டி நன்றாக ஆறியபின் ஸ்டார்ட் செய்து, கையுறை போட்டுக்கொண்டு, மடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அழுத்துங்கள். ‘உஸ்’ என்று காற்று பீறிடும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் சைலன்சரைக் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. கேஸ்கெட்தான் காரணம் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், புது சைலன்சருக்குச் செலவே இல்லை.

படி 2: அளந்து வையுங்கள்

மொபைலில் ஒரு டெசிபல் ஆப் போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது; ஆனால் ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிட உதவும். சோதனை மையங்களில் செய்வதுபோல, சைலன்சர் வாயிலிருந்து 50 செ.மீ. தள்ளி, 45 டிகிரி கோணத்தில், வாயின் உயரத்திலேயே மொபைலைப் பிடியுங்கள். புகைக்கு நேர் எதிரே வேண்டாம். வண்டி முழு சக்தி தரும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 5000-க்கு மேல் என்றால் அதில் பாதியிலும், 5000 அல்லது அதற்குக் கீழ் என்றால் முக்காலிலும் இன்ஜினைச் சீராக ஓடவிட்டு அளக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். ஆனால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே ஓரிரண்டு டெசிபலுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது?

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சைலன்சர்கள் அடிப்படையில் இரண்டு வகை. முதல் வகையில் துளையிட்ட குழாய் நேராகப் போகும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருக்கும். புகை தடையில்லாமல் போய்விடும், ஒலி மட்டும் துளை வழியாகப் பஞ்சுக்குள் போய் அடங்கும். கூர்மையான சத்தத்தை இது நன்றாக உறிஞ்சும். ‘தம் தம்’ என்ற அடித்தொண்டைச் சத்தத்தை அவ்வளவாக உறிஞ்சாது. இரண்டாவது வகை, கம்பெனி சைலன்சர்களில் அதிகம் காண்பது: உள்ளே தகடுகளால் பிரித்த அறைகள். ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும். அடித்தொண்டைச் சத்தத்துக்கு இதுதான் மருந்து, எடை கூடும். இரண்டும் கலந்தவையும் உண்டு.

நேர்க்குழாய் வகையை வாங்குவதென்றால் நீளமான, பருத்த உடம்புள்ளதாகப் பாருங்கள். கையடக்கமான குட்டி சைலன்சர் அழகாக இருக்கலாம். அதில் பஞ்சுக்கு இடமேது? வாயில் செருகும் ‘டிபி கில்லர்’ சத்தத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் வாயைக் குறுக்கித்தான் குறைக்கிறது. உயர் ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும்.

‘இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) வேண்டும்’ என்று சொல்வார்கள். இன்ஜினுக்கு வேண்டியது அழுத்தம் அல்ல. புகையின் வேகமும், அழுத்த அலைகள் திரும்பி வரும் நேரமும் சரியாக இருப்பதுதான். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும். அதனால் புதிதாகச் செய்பவர்கள் அதைத் தொடாமல் பின்பகுதியை மட்டும் மாற்றும் ‘ஸ்லிப்-ஆன்’ வகையையே எடுங்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இன்னும் கவனம் தேவை: வயிறு பெருத்த அந்தக் குழாய்தான் சக்தியைத் தருகிறது. கடைசியில் உள்ள சிறு சைலன்சரில் மட்டும் கை வையுங்கள், அதன் விட்டத்தைக் குறைக்காதீர்கள்.

படி 4: வாங்கும்போது

உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, இணைப்பு விட்டம் பொருந்துகிறதா என்று பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அதுவும் சத்தத்தை ஓரளவு அடக்குகிற பாகம்தான்.

படி 5: பொருத்துதல்

எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். சூட்டில் வெந்துபோனால் கறை எளிதில் போகாது.

அதே இடத்தில், அதே ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து பாருங்கள். பிறகு டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரைத் திறந்து இழுவையைக் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனி இளம் பழுப்பு என்றால் சரி, வெளுத்திருந்தால் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) மாற்ற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பஞ்சு வகை சைலன்சர் நாளாக நாளாகச் சத்தம் கூடினால் உள்ளே பஞ்சு எரிந்து தீர்ந்திருக்கும். மூடியைக் கழற்றும்படி செய்திருந்தால் பஞ்சை மட்டும் மாற்றலாம். அதனால் வாங்கும்போதே மூடி போல்ட்டில் நிற்கிறதா, வெல்டிங்கா என்று கேட்டுவிடுங்கள்.