கணக்கில் லாபம், கல்லாவில் காற்று: புதுத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் தொடங்கப் போகிறேன் என்று யாராவது திட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினால், நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. எந்த மாதம் எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்ற பட்டியல் அங்கேதான் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. போட்டியாளர்கள் யார், லோகோ எந்த நிறம், ஐந்தாவது ஆண்டில் எத்தனை கிளை என்பதெல்லாம் விரிவாக இருக்கும். "மூணாவது மாசச் சம்பளம் எந்தப் பணத்தில்?" என்று கேட்டால், "அதுக்குள்ள வியாபாரம் சூடு பிடிச்சிடும்" என்பார்கள். ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதால், கேட்கும்போது எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

கடுமையாக உழையுங்கள், தரத்தைக் கைவிடாதீர்கள், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாமல் யாரும் தொழிலுக்கு வருவதில்லை.

கையில் இருப்பதையெல்லாம் முதல் நாளே போட்டுவிடுவது

கையில் இருக்கும் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கை இடத்துக்கும் இயந்திரத்துக்கும் உள் அலங்காரத்துக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சரக்கு வாங்கிப் போட்டு, வருகிற வருமானத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்று தொடங்குகிறார்கள். விற்பனை மெதுவாகத்தான் எழும். வாடகையும் சம்பளமும் முதல் மாதமே முழுசாக வந்து நிற்கும்.

இயந்திரத்தைப் பழையதாக வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், வேலையை வெளியே கொடுத்தும் செய்து வாங்கலாம். ஒரு பைசா விற்பனை இல்லாவிட்டாலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் பணத்தைத் தனியே எடுத்துவைத்த பிறகு, மிச்சத்தில் என்ன வாங்க முடியுமோ அதை வாங்குங்கள். ஆறு மாதம் என்பது என் கணக்கு. மூன்றே போதும் என்பவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். எதுவுமே வேண்டாம் என்பவரோடு போவேன்.

கடனுக்கு விற்றதை வந்த பணமாக நினைப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு தம்பி, நோட்டோடு வந்தார். இடப்பக்கம் விற்பனை, வலப்பக்கம் செலவு, அடியில் பச்சை மையில் லாபம். அந்தப் பச்சை எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. "லாபம் நல்லாத்தான் வருதுண்ணே, சம்பளம் போடத்தான் பணம் இல்ல" என்றார். விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பணம் கைக்கு வந்த தேதியை எழுதச் சொன்னேன். பாதி வரிகளுக்கு மேல் எழுதத் தேதியே இல்லை. அந்த வரிகளில் ஒரே நிறுவனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். அந்த ஆர்டர் கிடைத்தபோது எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாராம்.

இதில் எங்கே பணம் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். சரக்கு வாங்கிப் பொருளாக்கி அனுப்ப 30 நாள். வாங்கியவர் பணம் தர 60 நாள். உங்களுக்குச் சரக்கு தருபவர் கொடுக்கும் தவணை 15 நாள். 30-ஐயும் 60-ஐயும் கூட்டி 15-ஐக் கழித்தால் 75. அதாவது, நீங்கள் செலவழித்த ஒவ்வொரு காசும் 75 நாள் வெளியே சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். ஒரு நாள் செலவு 100 என்றால் எப்போது பார்த்தாலும் 7,500 வெளியே நிற்கும். இந்த 7,500 நஷ்டமில்லை என்பதால் லாபக் கணக்கில் தென்படாது. ஆனால் இது உங்கள் கையிலும் இல்லை.

இப்போது பெரிய ஆர்டர் வருகிறது, வியாபாரம் இரட்டிப்பாகிறது. வெளியே நிற்க வேண்டிய பணம் 15,000 ஆகிவிடும். கூடுதல் 7,500-க்கு எங்கே போவது? 100 செலவில் 25 லாபம் என்று வைத்துக்கொண்டாலும், பழைய வியாபாரத்தின் லாபத்தைச் சேர்த்து 7,500 ஆக்க 300 நாள் வேண்டும். அந்த லாபமும் 60 நாள் தள்ளித்தான் கைக்கு வரும். ஆர்டர் 300 நாள் காத்திருக்காது. ஆகவே கைமாற்று, வட்டி, பிறகு சரக்குக்காரரிடம் பாக்கி, கடைசியில் சம்பளத்தில் கைவைப்பு. வியாபாரம் இல்லாமல் மூடியவர்களைப் பார்த்திருக்கிறோம். வியாபாரம் கூடியதால் மூடியவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சின்னத் தொழிலுக்கு மட்டும் வரும் சங்கடம் இல்லை இது. அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்ற நிறுவனத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து விற்றது. 1970களின் தொடக்கம் வரை கணக்கில் லாபம் தெரிந்தது. வியாபாரத்திலிருந்து கைக்கு வரும் ரொக்கமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வறண்டு கிடந்தது. 1975-இல் திவால் மனு போட்டது. இதற்கு நேர்மாறாக, 1990களில் டெல் நிறுவனம் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் வாங்கிய பிறகே அதைச் செய்து அனுப்பியது. வாங்குபவரின் பணம் கைக்கு வந்த பிறகுதான் உதிரிபாகம் கொடுத்தவர்களுக்குப் பணம் போனது. டெல்லுக்கு வியாபாரம் வளர வளர ரொக்கமும் கூடியது.

டெல்லைப் போல நம்மால் பேரம் பேச முடியாதுதான். ஆனால் அந்த 75-ஐ 40 ஆக்கலாம். புது வாடிக்கையாளரின் முதல் ஆர்டருக்குக் கடன் வேண்டாம். பெரிய ஆர்டர் என்றால் குறைந்தது சரக்குச் செலவுக்காவது அட்வான்ஸ் கேளுங்கள். கேட்டால் போய்விடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அட்வான்ஸ் கேட்டதற்கே ஓடுகிறவர், அறுபதாவது நாள் போனை எடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்பதை விலை சொல்லும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பேச்சில் விட்டால் அது அவர்களுடைய வழக்கப்படிதான் போகும்.

பொருள் போன அன்றே பில் போக வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள் தாங்களாகவே இன்னொரு பதினைந்து நாள் கடன் கொடுக்கிறார்கள். பில்லில் ஆர்டர் எண் விட்டுப்போயிருந்தால் அது கணக்குப் பிரிவில் ஒரு தட்டில் கிடக்கும், யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து, "பில் வந்துருச்சா, ஏதாவது திருத்தம் இருக்கா?" என்று கேளுங்கள். ஆர்டர் கொடுத்த மேலாளரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. பணம் அனுப்பும் கணக்காளர் யார், எந்தக் கிழமை அனுப்புகிறார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் பணம் தந்தால் கழிவு என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 30 நாள் தவணையில், 10 நாளுக்குள் தந்தால் 2 சதவீதம் குறைப்பது பல தொழில்களில் உள்ள வழக்கம். 20 நாள் முன்னால் வரும் பணத்துக்கு 2 சதவீதம் விட்டுக்கொடுப்பது, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 37 சதவீத வட்டி. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

தம்பியின் விஷயத்தில் நான் சொன்னது ஒன்றுதான்: பழைய பாக்கி வரும்வரை அந்த நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு பெட்டிகூடப் போகக்கூடாது. மூன்று நாள் தூங்கவில்லை என்றார். பிறகு நிறுத்தினார். பாக்கியில் பெரும்பகுதி வந்தது, ஆர்டர் குறைந்தது. ஆர்டர் குறைந்ததில் அவருக்கு இன்னும் வருத்தம்தான், எனக்கு இல்லை.

தள்ளுபடி

100-க்கு வாங்கி 125-க்கு விற்பவர் தனக்கு 25 சதவீத லாபம் என்று நினைக்கிறார். விற்பனை விலையில் பார்த்தால் அது 20 சதவீதம்தான். அவர் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 112.50; லாபம் 25-லிருந்து 12.50 ஆகிறது. பத்து சதவீதம்தானே குறைத்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது லாபத்தில் சரிபாதி போய்விட்டது. பழைய லாபத்தை எட்ட இரண்டு மடங்கு விற்க வேண்டும். தள்ளுபடி அறிவிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

சொந்தப் பணமும் தொழில் பணமும் ஒரே பையில்

வங்கியில் தனிக் கணக்கு. இன்றைக்கே.

கணக்கு எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்வது

1494-இல் வெனிஸில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி அச்சிட்ட லூக்கா பாசியோலி ஒரு துறவி, கணித ஆசிரியர். வியாபாரிக்கு வேண்டியவை மூன்று என்றார்: முதலில் ரொக்கம், அப்புறம் கணக்கு எழுதத் தெரிந்த ஆள், அப்புறம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கும் முறை. இன்றைக்கு மென்பொருள் இருக்கிறது, ஆனால் வரிசை மாறவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், அடுத்த 13 வாரங்களில் வரப்போகும் பணத்தையும் போகப்போகும் பணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வாரம் மைனஸில் போகிறதோ அதை இரண்டு மாதம் முன்பே பார்த்துவிட்டால், வங்கியிடமும் சரக்குக்காரரிடமும் நிதானமாகப் பேச முடியும். முதல் நாள் இரவு போய் நின்றால் யாரும் தர மாட்டார்கள்.

கூட்டாளி

நண்பனே ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விலகினால் யாருக்கு என்ன என்பதையும் சேர்த்து.

"நல்லா இருக்கு" என்பதை ஆர்டராக எடுத்துக்கொள்வது

தெரிந்தவர்கள் மனம் நோகாமல் பேசுவார்கள். கருத்துக் கேட்காதீர்கள், முன்பணம் கேளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் இறங்குவது

எவ்வளவு போனால் கடையை மூடுவேன் என்ற எண்ணைத் தொடங்கும் முன்பே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். உங்களிடமே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் அதை அடித்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.